புல்வெளியில் ஊற்றிய தண்ணீர்

என் மகள் லண்டனில் சரித்திரம் படிக்கிறவள். ஒரு வருடம் அமெரிக்காவில் போய்ப் படிக்கலாம் என்று வாய்ப்புக் கிடைத்தபோது, கறுப்பின மக்களின் பழைய கல்லூரி ஒன்றைத்தான் அவள் கேட்டாள். வெள்ளைக்காரர் தங்கள் கல்லூரிக் கதவுகளைச் சாத்தி வைத்திருந்த காலத்தில் அந்த மக்கள் தங்களுக்கென்று தொடங்கிய கல்லூரி.

"உலகத்தில வேற பள்ளிக்கூடமே இல்லையோ?" என்றார் என் கணவர்.

"ஏனப்பா, நீங்கள் கண்ணாடியே பாக்கிறேல்லையோ?" என்றாள் மகள். முருகனை நம்பி அனுப்பி வைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே லண்டனில் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து சாப்பிட இருந்தோம். மகள் வீடியோவில் வந்து, கல்லூரியைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றாள். முதலில் ஒரு செங்கல் மண்டபம்.

"அம்மா, இது முந்திப் பருத்தித் தோட்டம். அடிமையா வச்சிருந்த ஆக்கள் வேலை செய்த இடம். எழுத்துப் படிச்சால் சவுக்கடி. விடுதலை கிடைச்ச பிறகு, முதலாளி வீட்டுச் செங்கல்லுகளை எடுத்து அந்த ஆக்களே இதைக் கட்டினவை."

போனை ஒரு செங்கல்லுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். கல்லில் விரல் அடையாளங்கள். என் சுண்டுவிரல்கூட அதற்குள் அடங்காது.

"ஈரச் செங்கல்லைத் தூக்கிக் காய வச்சது சின்னப் பிள்ளையள், அம்மா."

அவள் நடந்து ஒரு புல்வெளிக்கு வந்தாள். புல்லில் ஆங்காங்கே குட்டிக் கொடிகள் குத்தியிருந்தன.

"இந்தக் கொடியளுக்குக் கீழதான் அந்த அடிமை ஆக்களைப் புதைச்சிருக்கு. கல்லும் இல்லை, பெயரும் இல்லை. இப்பதான் நிலத்துக்குள்ள பாக்கிற மெஷின் வச்சுக் கண்டுபிடிச்சவை. அதுவரைக்கும் இதில கார் விட்டிருக்கினம்."

"ஐயோ முருகா!" என்றேன்.

"வெள்ளிக்கிழமையில எல்லாரும் வந்து செத்தவையை நினைச்சு இதில தண்ணி ஊத்துவம். நானும் ஊத்தினனான்."

இவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டார். எங்கள் சனத்தில் தாய் தகப்பன் உயிரோடு இருக்கிற பிள்ளை, செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதில்லை. இறைத்தால் பெற்றவர்களுக்கு ஆகாது.

"நான் குத்துக்கல்லுப்போல இருக்கேக்க நீ தண்ணி இறைச்சுப்போட்டியோ?"

"உங்களுக்கில்லையப்பா!"

"எள்ளுப் போட்டனியோ?"

"இஞ்ச எள்ளு ஆர் வச்சிருக்கினம்? வெறும் தண்ணிதான். பிளாஸ்டிக் போத்தில்."

"போத்திலாலயோ!" இவர் என் பக்கம் திரும்பினார். "இஞ்சரும், டிக்கெட்டைப் போடும். பிள்ளை இந்தக் கிழமையே வரவேணும்."

எனக்கும் பயம்தான். இவருக்கு ஏற்கெனவே பிரஷர். "ஆருக்கெண்டு பிள்ளை ஊத்தினனி?" என்று கேட்டேன்.

"அங்க கிடக்கிற எல்லாருக்கும்தான். பிறகு ஒவ்வொருத்தரும் தங்கட ஆக்கள் ஒராளின்ர பெயரைச் சொல்ல வேணும்." சரிந்துபோன ஒரு கொடியை நிமிர்த்திக் குத்தினாள். "நான் மாமான்ர பெயரைச் சொன்னனான்."

மாமா என்றது என் தம்பியை. எங்கள் நாட்டுச் சண்டையில், இயக்கத்தில் நின்று செத்தவன். ஊரில் அவனுக்கு ஒரு கல்லறை இருந்தது. பிறகு இராணுவம் அதையும் இடித்து மட்டமாக்கி, மேலே முகாம் போட்டது. வருடாவருடம் இங்கே கோயிலில் அவனுக்காக அர்ச்சனை செய்கிறேன். அவன் கிடக்கிற மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. மகளுக்கு இதை எப்போதோ ஒருமுறை சொன்னதுதான். மறந்திருப்பாள் என்று இருந்தேன்.

"கல்லில்லாமல் கிடக்கிற ஆக்களுக்கு ஊத்தேக்க நான் வேற ஆரையம்மா நினைக்கிறது?" என்றாள். "சொல்லுற பெயரை எல்லாரும் சேர்ந்து திருப்பிச் சொல்லுவினம். மாமான்ரயும் சொன்னவை."

எங்கேயோ ஒரு நாட்டில், யார் பெற்ற பிள்ளைகளோ, என் தம்பியின் பெயரைச் சத்தமாகச் சொல்லியிருக்கிறார்கள். அவனுடைய ஊரில் அதைச் சொல்லப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்தவர்கள் நாங்கள்.

இவர் போனுக்குக் கிட்ட வந்தார்.

"எல்லாரும் சொன்னவையோ?"

"ஓமப்பா."

"முழுப் பெயரையும்?"

"முழுப் பெயரையும். அவைக்கு வாய்க்குள்ள நுழையேல்ல, ரெண்டாந்தரமும் சொல்லிக் குடுத்தனான்."

இவர் எழும்பிப் போய்க் கை கழுவினார். சாமிப் படத்துக்கு முன்னால் நின்று திருநீறு பூசிக்கொண்டு திரும்பி வந்து, போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"பிள்ளை, இனிமேல் போத்திலால ஊத்தாதை. ஒரு செம்பு வாங்கு."