தளதளன்னு கொதிக்கட்டும்

என் அக்காவை ஆபீஸில் கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிறவர்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவர் முகத்திலும் விஆர் கண்ணாடியை மாட்டி உள்ளே அனுப்புகிற வேலை. பதினோரு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக நின்று முட்டி தேய்ந்தபிறகு கிடைத்தது இது, அதுவும் தற்காலிகமாக. சுகாதாரத் துறை ஊருக்குச் சொல்லப்போகும் எச்சரிக்கையை முதலில் அந்தக் கண்ணாடிக்குள் சொல்லிப் பார்ப்பார்கள். மாட்டிக்கொண்டால் ஒரு சமையலறை தெரியும். அடுப்பு, பாத்திரம், தண்ணீர் கேட்கும் குழந்தை, சுவரில் எச்சரிக்கை. நாம் செய்வதெல்லாம் அக்காவின் திரையில் விழும்.

அது வெள்ளம் வடிந்த வாரம். குழாயில் சாக்கடை கலந்து, வார்டு முழுக்க வயிற்றுப்போக்குக் குழந்தைகள். "குடிநீரை நன்கு சூடாக்கிப் பருகவும்" என்று அதிகாரி எழுதிய நோட்டீஸ் மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும். இருபது பேருக்குக் கண்ணாடி மாட்டியதில் பதினாறு பேர், லேசாக ஆவி வந்ததுமே பாத்திரத்தை இறக்கிக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டார்கள். சூடு என்றால் சனங்கள் வெந்நீர் என்றுதான் நினைக்கிறார்கள், மாற்றுங்கள் என்றாள் அக்கா. படிக்காதவர்களை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும், நீ கண்ணாடி மாட்டுகிற வேலையைப் பார் என்றார் அவர். நானாக இருந்தால் அந்தக் கண்ணாடியை அவர் மேஜையில் ஓங்கி வைத்திருப்பேன். அக்காவுக்குப் பொறுமை ஜாஸ்தி. எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் அந்த வியாதி கிடையாது.

"சார், அந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குத் துடைச்சு விட்டவ நான். இந்த நோட்டீஸ் இப்படியே வெளியே போச்சுன்னா வார்டுல பெட்டு பத்தாது. படிச்சவங்களையே கூப்பிடுங்க, பாத்துரலாம்" என்றாள்.

அவர் வீம்புக்குத் தன் மனைவிக்கே போன் போட்டார். கல்லூரியில் பாடம் எடுக்கிறவர். வந்தார், மாட்டிக்கொண்டார், எச்சரிக்கையை வாய்விட்டுப் படித்தார், ஆவி வந்ததும் பாத்திரத்தை இறக்கினார்.

"ஏங்க, நல்லாத்தானே சூடாச்சு?" என்று கேட்டார் அந்த அம்மா.

கடைசியில் அதிகாரியே அக்கா பக்கம் திரும்பி, என்னதான் போடலாம் என்று கேட்டார். "தண்ணி தளதளன்னு கொதிக்கட்டும், அப்புறம் இறக்குங்க" என்றாள். தளதள என்பதெல்லாம் அரசாங்க பாஷையா என்று முனகிக்கொண்டே மாற்றி எழுதினார். புதிதாக இருபது பேர் வந்தார்கள். இருபது பேரும் கொதிக்கும்வரை நின்றார்கள். ஒருவர் தண்ணீர் வற்றும்வரை நின்றார். அவரையும் சேர்த்துத்தான் இருபது என்று அக்கா அடித்துச் சொல்கிறாள்.

வார்த்தை அவளுடையது, குரலும் அவளுடையதாகவே இருக்கட்டும் என்று அதிகாரியின் மனைவி சொல்லிவிட்டார். மறுநாள் காலை எங்கள் தெருவில் ஒலிபெருக்கி வண்டி வந்தது. ஊரையே அதட்டுகிறாள் என் அக்கா! பத்து நாளில் வார்டில் பாதிக் கட்டில் காலி.

என் மாமியார் இதுவரை யார் பேச்சையும் கேட்டவரில்லை. வண்டி வந்த அன்றைக்கு அவர் வைத்த தண்ணீரில் ஆவி வந்ததும் அடுப்பை அணைக்கக் கை நீட்டினேன். பட்டென்று தட்டிவிட்டார்.

"இருடி. உங்க அக்கா என்ன சொன்னா?"