பின்சீட்டுக்கும் பெல்ட் கேட்ட எஸ்தர்

எஸ்தரின் கணவர் சாமுவேல் அழைத்தபோது நான் பெரியபாளையம் பக்கத்து ஆரணிக் கடைத்தெருவில் காரின் டயர்களுக்குக் காற்று நிரப்பிக்கொண்டிருந்தேன். "அக்கா, நம்ம எஸ்தர் போயிட்டா," என்றார். நான் காருக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அழுது முடித்துத்தான் எங்களோடு வேலை பார்க்கும் செல்விக்கும் அஞ்சலைக்கும் சொன்னேன். காற்று நிரப்புகிறவர் காசு வாங்கவில்லை.

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில், பம்புகளுக்கான ரப்பர் வளையங்கள் செய்யும் நம் கம்பெனியில், செக்கிங் பிரிவில் இருந்த உங்களில் பலருக்கு எஸ்தரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். அவளுடைய அப்பாவும் அம்மாவும் பிறர் கழனியில் கூலிவேலை செய்தவர்கள். மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் அந்த வீட்டில் அவள்தான். என்னைவிட இரண்டு வயது சின்னவள். பெரிய குரல். சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் முதலில் பக்கத்தில் இருப்பவருக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள்.

ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்ற சமயத்தில், எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்த ஷிப்ட் பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். பொன்னேரி, கவரைப்பேட்டைக்காரர்களுக்கு ரயில் இருக்கிறது. பெரியபாளையம், ஆரணி பக்கத்துக்காரர்களான எங்களுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ் தவறினால் அன்றைய வேலை போயிற்று. சிலர் வேலையையே விட்டுவிட்டார்கள். நானும் விடுவதாகத்தான் இருந்தேன். அப்போதுதான் எஸ்தர், நாம் நாலு பேரும் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கலாம் என்றாள். சம்பளமே குறைந்திருக்கும் நேரத்தில் காரா என்று செல்வி சிரித்தாள். வேலையை விட்டால் அந்தக் குறைந்த சம்பளமும் இல்லை என்று எஸ்தர் சொன்னதும் ஒப்புக்கொண்டோம். சாமுவேல் லோடு வண்டி ஓட்டுகிறவர். அவரிடம் பழகி அவள் ஏற்கெனவே லைசென்ஸ் எடுத்திருந்தாள். யாரும் தாலிச் சங்கிலியை அடகு வைக்கக் கூடாது என்பது மட்டும் அவள் போட்ட நிபந்தனை.

திருவள்ளூருக்குப் போகும் சாலையில் பழைய கார் விற்கும் இடம் ஒன்று இருந்தது. நாலு பேரும் போனோம். வெள்ளை வெளேரென்று பெரிய கார் ஒன்றைக் காட்டினார்கள். புது சீட் கவர், முன்னால் பெரிய டிவி மாதிரி திரை. எங்கள் மூவருக்கும் பிடித்துவிட்டது. எஸ்தர் சாவியை வாங்கித் திருப்பி, இஞ்சினைக் கிளப்பாமல், மீட்டரையே பார்த்தாள். ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டுமாம். அது எரியவே இல்லை. ஒருமுறை விபத்தில் விரிந்த பையை மறுபடி வைக்காமல், விளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு விற்பவர்கள் உண்டு என்று சாமுவேல் சொல்லி அனுப்பியிருந்தார். விற்பவருக்குச் சலிப்பு வந்துவிட்டது.

"பேக் இல்லன்னா இன்னாக்கா? நீங்க இன்னா ரேஸா ஓட்டப் போறீங்க?"

"நான் ஓட்டல நைனா. எதிர்ல வர்றவன் ஓட்டுறானே," என்றாள் எஸ்தர்.

மூலையில் ஒரு சின்ன கார் நின்றது. சாணி நிறம், பக்கவாட்டில் கீறல். ஆனால் இரண்டு ஏர்பேக், அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏபிஎஸ் பிரேக், பின்சீட்டிலும் நல்ல பெல்ட். மெக்கானிக்கை அழைத்து வந்து பார்க்கச் சொல்லி அதையே வாங்கினோம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் செல்வி நிறத்தைச் சொல்லிப் புலம்பிக்கொண்டே வந்தாள். "கலர்ல கொறச்சிக்கலாம் செல்வி, பிரேக்குல கொறச்சிக்க முடியாது," என்றாள் எஸ்தர்.

முதல் நாள் சண்டை பெல்ட்டால் வந்தது. பின்னால் உட்கார்ந்த அஞ்சலை, புடவை கசங்கும் என்று போட மறுத்தாள். போலீஸ்காரர் பின்சீட்டை எங்கே பார்க்கப் போகிறார் என்று நானும் அவளுக்குத் துணை பேசினேன். எஸ்தர் வண்டியை எடுக்கவே இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேரமாகிறது என்று செல்வி கத்தினாள். கடைசியில் எஸ்தர் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"உனக்காகப் போட வேணாம் அஞ்சல. வண்டி முட்டிச்சின்னா நீ பறந்து வந்து என் மேலதான் உழுவ. உன் வெயிட்டுக்கு நான் செத்துடுவேன். எனக்காகப் போட்டுக்கோ."

அஞ்சலைக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் காரில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை.

நல்ல மழைக்காலம். புதுவாயலுக்குப் போகும் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். முன்கண்ணாடியில் ஆவி படிந்தது. அதைப் போக்கும் பட்டனைத் தேடி எஸ்தர் ஒரு கணம் குனிந்தாள். அதே கணத்தில் ஒரு மொபெட் எதிரே எங்கள் பக்கமாகவே வந்தது. அவள் பிரேக்கை முழுவதுமாக மிதித்து வண்டியைத் திருப்பினாள். சக்கரம் பூட்டிக்கொள்ளவில்லை. திருப்பிய பக்கம் வண்டி போயிற்று. மொபெட்டின் பின்பக்கத்தை உரசிவிட்டு, சிறுபாலத்துச் சுவரில் மூக்கு மோதி நின்றது. முன்னால் இரண்டு பைகளும் விரிந்தன. எனக்குத் தோளில் பெல்ட் பதிந்த தழும்பு, அஞ்சலைக்கு வயிற்றில் வலி. வேறு ஒன்றும் இல்லை. மொபெட்டில் வந்தவருக்குக் கால் முறிந்திருந்தது. ஏழுமலை என்று பெயர், பக்கத்து ஊரில் நெல் பயிரிடுகிறவர்.

கூட்டம் சேர்ந்தது. எல்லோருமே எங்கள் பக்கம் பேசினார்கள். ராங் சைடில் வந்தவர் அவர், அந்தம்மா என்ன செய்யும் என்றார்கள். நாங்கள் மூவரும் அதையேதான் சொல்ல இருந்தோம். எஸ்தர் மழையில் ஏழுமலையின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவரை அசைக்க யாரையும் விடவில்லை. பிறகு ஸ்டேஷனில் விசாரித்தபோது அவள் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"ராங் சைடுல வந்தது அவுரு சார். ரோட்ட உட்டுக் கண்ண எடுத்தது நானு. ரெண்டையும் எழுதிக்கோங்க."

வெளியே வந்ததும் செல்வி அவளிடம் சண்டை போட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருக்கலாம், வழக்கு எதற்கு, கோர்ட் எதற்கு என்றாள். எஸ்தர் அழுதுகொண்டிருந்தாள். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. கோர்ட்டில் அபராதம் கட்டினாள். நல்ல இன்சூரன்ஸ் போட்டிருந்ததால் ஏழுமலைக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. ஆஸ்பத்திரிக்கு முதலில் போனபோது அவருடைய மனைவி எஸ்தரை வாசலிலேயே நிறுத்தித் திட்டித் தீர்த்தார். எஸ்தர் கேட்டுக்கொண்டு நின்றாள். அடுத்த வாரமும் போனாள். அறுவடைக்கு ஆள் கிடைக்காமல் அவர்கள் தவித்தபோது, எங்களையும் இழுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கழனியில் இறங்கிவிட்டாள். சின்ன வயதில் அப்பாவோடு பழகிய வேலை அவளுக்கு மறக்கவில்லை. எங்களுக்குத்தான் முதுகு ஒடிந்தது. அன்று அந்த அம்மா எங்களுக்குக் கேழ்வரகுக் களி கிண்டிப் போட்டார்.

காரைச் சரிசெய்யும்போது இன்னொரு சிக்கல். விரிந்த பைகளை மாற்றப் பெரிய செலவு ஆகும், மூடியை மட்டும் போட்டு ஒட்டித் தந்துவிடுகிறேன், வெளியே தெரியாது என்றார் பட்டறைக்காரர். நாங்கள் மூவருமே ஒப்புக்கொள்ளும் நிலையில் இருந்தோம். கம்பெனி இன்னும் முழு வேலைக்குத் திரும்பவில்லை. எஸ்தர் மறுத்துவிட்டாள். நம்மிடம் இருக்கும்வரை நாம் ஜாக்கிரதையாக ஓட்டிவிடலாம், நாளைக்கு இதை வாங்குகிற குடும்பத்துக்கு யார் சொல்வது என்று கேட்டாள். பைகள் வந்து சேரும்வரை இரண்டு பஸ் மாறித்தான் வேலைக்குப் போனோம். ஒவ்வொரு நாளும் அவளைத் திட்டிக்கொண்டே போனோம். அந்தக் கார்தான் இன்றும் ஓடுகிறது.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. அதற்கு முன்பே என்னையும் செல்வியையும் வற்புறுத்தி லைசென்ஸ் எடுக்க வைத்திருந்தாள். ஒரு காலை, ஓட்டுநர் இருக்கையில் உட்காராமல் சாவியை என் கையில் வைத்தாள். "நேத்து திரும்பும்போது ஒரு நிமிசம் கண்ணு இருட்டிக்கிச்சி கலாக்கா. இனிமே நான் ஓட்டக் கூடாது," என்றாள். நாங்கள் யாரும் கவனித்திருக்கவில்லை. அவள் சொல்லாமலே இன்னும் பல மாதம் ஓட்டியிருக்க முடியும். அந்த இருக்கையில் உட்கார அவளுக்கு எவ்வளவு ஆசை என்பதும் எனக்குத் தெரியும்.

அடக்கத்துக்கு ஏழுமலை மனைவியோடு வந்திருந்தார். லேசாகச் சாய்ந்துதான் நடக்கிறார். மொபெட்டில்தான் வந்தார்கள், இருவர் தலையிலும் ஹெல்மெட். கல்லறையில் மண் போட்டுவிட்டு, "என் தங்கச்சிம்மா அவ," என்றார் என்னிடம். கம்பெனியில் மறுபடியும் ஆட்கள் எடுக்கிறார்கள். ஆரணியிலிருந்து புதிதாகச் சேர்ந்த பெண்கள் இன்னொரு கார் பார்க்கிறார்கள். எந்தக் கார் வாங்கலாம் என்று செல்வியிடம் கேட்டார்களாம். நிறத்தைப் பார்க்காதீர்கள் என்று செல்வியே சொன்னாளாம்.

எஸ்தரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பயணம். டயாலிசிஸுக்காக அவளைத் திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவேன். பிறர் ஓட்டும் வண்டியில் எஸ்தர் கண் மூடியதே இல்லை. சாமுவேல் ஓட்டினாலும் சாலையைப் பார்த்துக்கொண்டேதான் வருவாள். என் பக்கத்தில் உட்கார்ந்தும் முதல் சில வாரங்கள் அப்படித்தான் வந்தாள், லாரி எதிரே வந்தால் அவள் கால் தானாகத் தரையை அழுத்தும். ஒரு நாள் திரும்பி வரும் வழியில், பெரியபாளையம் தாண்டி, ஏதோ கேட்டேன். பதில் வரவில்லை. பார்த்தேன். பெல்ட் போட்டபடியே, தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மறுபடியும் சாலையைப் பார்த்தேன். அவளை எழுப்பக் கூடாது என்று, வீடு வரை ஒரு பள்ளத்திலும் சக்கரம் விழாமல் ஓட்டினேன்.