மும்தாஜ் எழுதிய மழை ஸ்கிரிப்ட்

மும்தாஜ் இறந்துவிட்டாள். இன்று காலை, மாரடைப்பு...

ஸ்கூல் குரூப்பில் ஒருவர், "பாவம், உப்பு ஆபீஸ்ல டைப் அடிச்சிட்டு இருந்த பொண்ணு" என்று போட்டிருக்கிறார். பாவமும் வேண்டாம், டைப்பும் வேண்டாம். என் தோழி ப்ரோக்ராம் எழுதினாள். பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில்.

மரக்காணத்தில் ஓர் உப்பள முதலாளியின் ஆபீஸ். அங்கிருந்த பழைய கம்ப்யூட்டருக்கு வானிலை அறிக்கை ஒரு ஃபைலாக வரும். அது மாறினால் உடனே சத்தம் வர வேண்டும், இவள் உப்புப் பாத்திக்கு போன் செய்ய வேண்டும், அங்கே உப்புக் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். இதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுது என்று யாரும் கேட்கவில்லை. நெட்டைப் பார்த்துத் தானாகவே எழுதினாள்.

முதல் ஸ்கிரிப்ட் இடைவெளியே விடாமல் ஃபைலைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கம்ப்யூட்டர் திணறிவிட்டது. ஆரோவில்லில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் எனக்கு போன். ஒவ்வொரு முறை பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் ஓய்வெடுக்க, ஸ்லீப் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்.

"இவ்ளோதானாடி?" ஏமாற்றமாகக் கேட்டாள்.

பிறகு அந்த மழை... அறிக்கையில் மழை வரும் நேரம் மாலை 6 மணி என்று இருந்தது 3 மணி என்று மாறியது. ஒரே ஓர் எண். ஸ்கிரிப்ட் பார்த்ததோ ஃபைலின் அளவை மட்டும். அளவு மாறவில்லை, சத்தம் வரவில்லை. உப்பு கரைந்து ஓடியது.

முதலாளி எல்லார் முன்னாலும் திட்டி, ஸ்கிரிப்டை அழிக்கச் சொன்னார். சரி பண்ணாமல் அழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு நேராக அனுமந்தையில் என் வீட்டுக்கு வந்தாள். நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

"வேணாம்டி. அப்புறம் ஒவ்வொரு தடவையும் உன்னையே தேடி வரணும். எது தப்புன்னு மட்டும் சொல்லு."

சொன்னேன். அளவை விடு, உள்ளே இருக்கும் எழுத்தைப் போன முறையோடு ஒப்பிட்டுப் பார். கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதினாள். கீபோர்டை என்னைத் தொடவே விடவில்லை.

அடுத்த மழைக்குச் சத்தம் வந்தது. மூடினார்கள். அதன் பிறகு அழிக்கும் பேச்சே இல்லை.

இன்று அவள் வீட்டு வாசலில் முதலாளியின் மகன் என்னிடம் வந்தார். இனி அந்த ஸ்கிரிப்டை யார் பார்ப்பது, நிறுத்திவிடலாம், பாஸ்வேர்ட் தெரியுமா என்று கேட்டார். மும்தாஜ் போன் செய்ததும் உப்பை மூடும் பாத்திப் பெண்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள்.

"இவங்ககிட்ட கேட்டுட்டு நிறுத்துங்க."

அவர்களைத் திரும்பிப் பார்த்தார். நிறுத்தும் பேச்சை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

இனி நான் பார்த்துக்கொள்கிறேன். நீ போய் வா, மும்தாஜ்.