நாலு மணிக் காபி

ஆந்திரா தனி மாநிலமான புதிதில் புத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். தினமும் நாலு மணிக்கு முதலாளி எங்களுக்கெல்லாம் காபி வரவழைப்பார். ஒருநாள் அது நின்றுபோனது. கேட்டோம்.

"காபி தரேன்னு எங்கியாச்சும் எழுதிக் குட்துக்கிறனா?" என்றார் அந்த மகராசன்.

எங்களுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பேசுவதாக நாங்களும் எழுதிக் கொடுக்கவில்லையே! மறுநாள் முதல், சேலை வாங்க வந்த தெலுங்குக்காரர்களிடம் பேந்தப் பேந்த விழித்தோம். முதலாளியே கல்லாவை விட்டு ஓடி ஓடி வந்து பேசினார், தொண்டை கட்டிக்கொண்டது.

அந்த வாரமே காபி திரும்ப வந்தது, அரை டம்ளராக. நாங்களும் நியாயமாகவே நடந்துகொண்டோம். சேலையைத் தெலுங்கில் புகழ்ந்துவிட்டு, விலையைத் தமிழில் சொன்னோம்.