குக்கரைப் பிடித்துக்கொண்டு வாங்கிய கிட்டார்

உள்ளங்கையில் அந்த பிரஷர் குக்கரின் ஜில்லென்ற அலுமினியம்... வயிற்றோடு அணைத்துப் பிடித்தபடி நான் நிற்கிறேன். எதிரே மேசை மேல் இரண்டு எலக்ட்ரிக் கிட்டார். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசி. நான் காலேஜ் முதல் வருஷம். கருவடிக்குப்பத்தில் ஒரு குடும்பம் மொத்தமாக பிரான்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அப்படி யாராவது கிளம்பினால் சாமான்களையெல்லாம் ஹாலில் பரப்பி விற்பார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் தெருவே அங்கே போய் நிற்கும்.

அந்த வீட்டு அம்மாவை எல்லோரும் மதாம் என்பார்கள். மதாமுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு பொருள்மேல் முதலில் யார் கை வைக்கிறாரோ, அது அவருக்கு. கையை எடுத்தால் அடுத்தவருக்கு.

எங்கள் கோயில் பாட்டுக்குழுவின் பழைய மரக் கிட்டாரில் நான் இரண்டு வருஷம் பழகியிருந்தேன். சொந்தமாக எலக்ட்ரிக் கிட்டார் கொண்டுவந்தால் கிறிஸ்துமஸ் பூசைக்கு வாசிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை அங்கே பெண்கள் பாட மட்டும்தான்.

அப்பா மில்லில் தறி ரிப்பேர் பார்ப்பவர். ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியதற்காக ஒன்று வாங்கித் தர ஒத்துக்கொண்டிருந்தார். இதை விட்டால் எங்கள் வீட்டில் இன்னொரு கிட்டாருக்கு வாய்ப்பே கிடையாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

உள்ளே நுழைந்ததும் அம்மா குக்கரைப் பார்த்துவிட்டார். எடுத்து என் கையில் திணித்தார்.

"இத புடி. கீழ வெச்சா வேற யாராச்சும் தூக்கிட்டுப் பூடுவாங்க."

சொல்லிவிட்டு அவர் பீங்கான் தட்டுகள் பக்கம் போய்விட்டார்.

ஒரு கிட்டார் சிவப்பு, பளபளவென்று. கழுத்து அகலம். இன்னொன்று வெளுத்துப்போன பழுப்பு. கை படும் இடத்தில் பாலிஷ் தேய்ந்திருந்தது. கழுத்து மெலிசு. பார்த்தவுடனே என் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது... ஆனால் விரல்கள்தான் குக்கரில் மாட்டியிருந்தனவே.

அப்பா இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார். தறிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்குகிற அதே முகம். அண்ணன் ஜோசப் சிவப்பு கிட்டாரில் தன் முகத்தைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தான்.

"ப்பா, ஒருவாட்டி நான் வாசிச்சுப் பாக்குறேன்பா."

"வீட்டுக்குப் போயி வாசிக்கத்தான போற. அங்க ஆற அமர வாசி."

மதாமின் மகன் மூலையில் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். கிட்டார் இரண்டும் அவருடையவை. குக்கரைப் பிடித்திருந்த என் விரல்களை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்.

"அவுங்க கை சின்னது சார். பழுப்புதான் தோதா இருக்கும். செவப்புல வெரல் எட்டாது."

அன்றைக்கு அந்த ஹாலில் பேசப்பட்ட ஒரே உருப்படியான வார்த்தை அதுதான். அப்பா சிரித்துத் தலையாட்டினார். பிறகு அண்ணனின் காதைக் கடித்தார். பாதி காலியான வீடு... எனக்கு அப்படியே கேட்டது.

"பாத்தியா, போணியாவாதத நம்ம தலையில கட்டப் பாக்குறான்."

அவ்வளவுதான். ஜோசப் சிவப்பின் மேல் கையை வைத்துவிட்டான்.

குக்கரைக் கீழே வைத்திருக்கலாம். மூன்று எட்டு நடந்தால் மேசை. அம்மா திட்டியிருப்பார், வேறென்ன ஆகியிருக்கும்? அப்பாமேலும் அண்ணன்மேலும் இருந்த கோபம் எப்போதோ தணிந்துவிட்டது. அங்கேயே நின்றவள்மேல் இருக்கிற கோபம்தான் தணியவில்லை.

வீராம்பட்டினத்திலிருந்து வந்த ஒருவர் பழுப்பின் மேல் கை வைத்தார். தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போய்விட்டார்.

வீட்டில் ஜோசப் பழைய ரேடியோவோடு கிட்டாரை இணைத்துக் கொடுத்தான். எஃப் கார்டுக்கு ஒரே விரலால் ஆறு தந்தியையும் அழுத்த வேண்டும். எனக்கு நான்குதான் பேசின, மற்ற இரண்டும் செத்த சத்தம் போட்டன. பட்டை இழுத்துத் தோள் கன்றிப்போனது. அப்பாவோ எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுத் தூக்கிப் பார்க்கச் சொல்வார். "என்னா கனம் பாருங்க."

அவரிடம் எப்படிச் சொல்வது... சொல்லவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கும் பாட மட்டும்தான் செய்தேன். விரல் வெட்டுப்பட்டுவிட்டதாகப் பொய் சொன்னேன். கிட்டாருக்கு அம்மா லேஸ் வைத்து உறை தைத்து டிவி பக்கத்தில் நிறுத்தினார். குக்கர் மட்டும் இருபது வருஷம் பிரமாதமாக உழைத்தது.

போன மாதம் உழவர்கரையில் பழைய இசைக்கருவிகள் விற்கும் கடைக்குப் போனேன். இப்போதெல்லாம் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, ஆம்ப்ளிஃபயரில் மாட்டியே கொடுக்கிறார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசிக்கலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆறேழு கிட்டார் பார்த்தேன். கடைசியாக ஒன்று... கீறல் விழுந்தது, கழுத்து மெலிசு. எஃப் பிடித்தேன். ஆறு தந்தியும் பேசின.

அப்பா இருந்திருந்தால் தூக்கிப் பார்த்துவிட்டு, கனமே இல்லையே பாப்பா என்றிருப்பார். அதைக் கேட்கவும் ஆசையாகத்தான் இருந்தது.

கூட வந்திருந்த என் கணவருக்குப் பொறுமை போய்விட்டது. சுவரில் மாட்டியிருந்த கிட்டார்களைப் பார்த்தார்.

"அந்த நீலம் பளிச்சுனு இருக்கே..."

சொல்லிக்கொண்டே அதை எடுக்கக் கையை நீட்டினார்.

நான் எழுந்துபோய் என் ஹேண்ட்பேக்கை அவருடைய ஒரு கையிலும், ஹெல்மெட்டை இன்னொரு கையிலும் கொடுத்தேன்.

"இத கொஞ்சம் புடிங்க. கீழ வெக்காதீங்க."