செய்து காட்டிய சொல்

மகளை ஏற்றிவர லிங்கநகர் முன்பள்ளிக்கு நேரத்தோடு போன ஒரு நாளில்தான் அவளுடைய டீச்சரைச் சரியாகப் பார்த்தேன். கட்டையான பெண்மணி. மூக்குக்கண்ணாடி நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கும். துறைமுகத்தில் கப்பல் ஊதினாலும் குரலை உயர்த்தமாட்டார். கதை வாசிக்கையில் புதுச்சொல் வந்தால் அவர் பொருள் சொல்வதில்லை. புத்தகத்தை விரலிடுக்கில் மூடிவிட்டு, "எங்க, செய்து காட்டுங்கோ" என்பார்.

"பூனையைக் கண்டதும் எலி பதுங்கியது" என்று வாசித்தார். பிள்ளைகள் கதிரைகளுக்குக் கீழே நுழைந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் வாசலுக்கு ஓடி, தன் செருப்பை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அலுமாரிக்குப் பின்னால் ஒடுங்கினாள்.

"செருப்பு எதுக்கு மகள்?"

"வாசல்ல கிடந்தா நான் வீட்டில நிக்கிறன் எண்டு அப்பாவுக்குத் தெரிஞ்சிடும், டீச்சர். பிறகு அடிப்பார்."

நன்றாகச் செய்துவிட்டாள் என்று மற்றப் பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சர் அலுமாரியின் அருகே நிலத்தில் அமர்ந்து, பூனை போகும்வரை கதையை வாசித்தார். அதன்பிறகுதான் அவள் வெளியே வந்தாள்.

"இந்தச் சொல்லை இனிப் படிப்பிக்காதேங்கோ டீச்சர்" என்றேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "சொல்லைக் குடுக்காட்டி அந்தப் பிள்ளை எதைக் கொண்டு எனக்குச் சொல்லும்? இண்டைக்குப் பின்னேரம் அந்த வீட்டுக்குப் போறன்."

பின்னேரம் என் மகள் புதுச்சொல்லைத் தாய்க்குச் செய்து காட்டினாள். முதலில் வாசலுக்கு ஓடித் தன் செருப்பைத்தான் எடுத்தாள். அந்நேரம் டீச்சர் அந்தச் சிறுமியின் வீட்டு வாசலில் தன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்திருப்பார்.