அன்வர் பாட்சாவின் துணிப் பட்டியல்

“முப்பத்திரண்டு வந்தாச்சுங்களா?” என்று கேட்டுக்கொண்டே, பல்லிடுக்கில் வைத்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைக் கையில் குத்துகிறார் அன்வர் பாட்சா. முப்பத்திரண்டு என்பது கதாநாயகன். அது அவருடைய இடுப்பளவு. வில்லன் நாற்பது. உண்மையில் கதாநாயகனின் இடுப்பும் முப்பத்தாறைத் தாண்டிவிட்டது. அன்வர் பாட்சா அளவெடுக்கும்போது முப்பத்திரண்டு என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, முப்பத்தாறுக்கு வெட்டுவார். இரண்டு பேருக்கும் அது தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

மலையடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் உள்ள படக் கம்பெனியின் தையற்காரர் அவர். முப்பது வயது இருக்கும். சேலம் கோட்டையிலிருந்து சைக்கிளில் வருகிறார். தான் தைத்த படம் வெளியானால் முதல் வாரமே போய்ப் பார்ப்பார். ஆனால் பாட்டையும் வசனத்தையும் பற்றி அவரிடம் கேட்டுப் பயனில்லை. “அழுவற சீன்ல காலரைப் புடிச்சுக் கசக்கிட்டானுங்க” என்பதோடு அவருடைய விமரிசனம் முடிந்துவிடும். வீட்டில் அவர் மனைவி ஷஹர்பானு பொத்தான் துளை கட்டித் தருகிறாள். அவள் ஒரு படமும் பார்த்ததில்லை. உருப்படியைத் திருப்பித் தரும்போது மட்டும், “இதைப் போடறவன் பொழைச்சுக்குவானா?” என்று கேட்பாளாம்.

யுத்தத்தில் துணிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு கம்பெனியில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. எந்தக் கதையும் முதலாளியின் காதுக்குப் போவதற்கு முன் அன்வர் பாட்சாவுக்குப் படித்துக் காட்டப்பட வேண்டும். யாருக்கு எத்தனை உடுப்பு என்று அவர் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கதை மேலே போகும். பழைய ராஜா படத்தின் அங்கியை அடுத்த படத்தில் மில் முதலாளி வீட்டுத் திரையாக்கிக் காலம் தள்ளுகிற ஆளுக்கு அந்த அதிகாரம் தேவைதான். கதை இலாகாக்காரர்களுக்கு மட்டும் அது பிடிப்பதில்லை. “கதை உங்களுது, துணி என்னுதுங்க” என்று சொல்லிவிட்டு அவர் மிஷினை மிதிக்க ஆரம்பிப்பார். கதை முழுவதும் அந்தச் சத்தத்துக்கு மேலேதான் படிக்க வேண்டும்.

சென்றாயன், பி.ஏ., அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை படித்தான். ஓமலூருக்கு அப்பால் ஒரு நெசவுக் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் அவன். கம்பெனியில் ஒரு வருஷமாகப் பிறர் எழுதிய வசனத்தைப் படியெடுத்தவன். இதுதான் அவனுடைய முதல் கதை. மறுநாள் காலையில் முதலாளி கேட்கிறார். எடுபடாவிட்டால், தாலுகா கச்சேரியில் அப்பா சொல்லி வைத்திருக்கும் குமாஸ்தா வேலைக்குப் போய்விடுவதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

கதையில் ஒரு நெசவாளியின் மகன் படித்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறான். தவறு செய்கிறவர்களை எல்லாம் திருத்துகிறான். படித்து முடித்ததும் அன்வர் பாட்சா பட்டியலை நீட்டினார். கதாநாயகனின் அக்காவுக்கு நாலு சேலை. கதாநாயகனுக்கு வெள்ளைச் சட்டை ஒன்று.

“ஒண்ணுதானா? படம் முழுக்க வருகிறானே” என்றான் சென்றாயன்.

“வர்றாருங்க. வந்து அல்லாருக்கும் புத்தி சொல்றாரு. அவருக்கு என்ன ஆவுது? அந்த அக்காளைப் பாருங்க. புதுச்சீலை ஒண்ணு, அது சாயம் போனது ஒண்ணு, கண்ணாலத்துக்கு எடுத்துக் கட்டாமலே போனது ஒண்ணு, ஒட்டுப் போட்டது ஒண்ணு. இவருக்கு வெளுத்து வெளுத்து அதையே போட்டாப் போதுமுங்க.”

“அவன் நல்லவன்.”

“நல்லவருதானுங்க. அதான் துணி மிச்சம்.”

சென்றாயனுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதம் கண்விழித்து எழுதியது. தையற்காரனுக்குக் கதையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துப் பார்த்தான். அந்த நினைப்பு நிலைக்கவில்லை.

“எனக்கென்னுங்க பி.ஏ. சார், கையெழுத்துப் போட்டுர்றேன். ஒரே சட்டைன்னா மொதலாளி சந்தோசப்படுவாரு” என்று அன்வர் பாட்சா பேனாவைத் திறந்தார்.

“இருங்க” என்றான் சென்றாயன். “ஒரு சீன் விட்டுப்போச்சு.”

அன்வர் பாட்சா மிஷினை மிதித்தார். அவன் படிக்காமல், காகிதத்தைப் பார்க்காமல் சொன்னான். “அவன் காலேஜில் படிக்கிறான். அக்கா ஊரிலிருந்து வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு, தூக்குப் போசியில் எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்கு வருகிறாள். கேட்டருகே சிநேகிதர்கள் நிற்கிறார்கள். யார் என்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டு வேலைக்காரி என்கிறான்.”

“அக்கா காதுல உளுந்துச்சுங்களா?”

“விழுந்தது. தூக்குப் போசியை அவன் காலடியில் வைத்துவிட்டு, ‘நான் வாரேனுங்க’ என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.”

“தம்பிக்கா ‘ங்க’?”

“தம்பிக்குத்தான். வேலைக்காரி மாதிரியே.”

மிஷின் நின்றது. பட்டறையில் வேறு ஆள் இல்லை. அன்வர் பாட்சா தையலில் இருந்த துணியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு என்ன சட்டை போட்டிருந்தீங்க?”

சென்றாயன், கதையில் வருகிறவன்தான் அது என்று சொல்ல வாயெடுத்தான்.

“நீலக் கோடு போட்டது. அவள் எடுத்துக் கொடுத்தது.”

“இதை நாளைக்கு மொதலாளிகிட்டப் படிப்பீங்களா?”

“படிப்பேன்.”

“அவருக்குப் புடிக்காமப் போனா?”

“ஓமலூர் பஸ் பத்து மணிக்கு இருக்கிறது.”

அன்வர் பாட்சா பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை என்றிருந்ததை அடித்தார். அதற்கு மேலே, இடுக்கி இடுக்கி, ‘நீலக் கோடு – 2’ என்று எழுதினார்.

“ரெண்டா?” என்றான் சென்றாயன்.

“கேட்ல நிக்கறதுக்குப் புதுசு ஒண்ணு, அதுக்கப்புறம் சாயம் போனது ஒண்ணுங்க” என்று அவர் கீழே கையெழுத்தைப் போட்டு, மை கலையாமலிருக்கக் காகிதத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, மெதுவாக ஊதினார்.